ஒரு கை அவருடையது

வாரத்தில் மூன்று நாள் என் இரத்தம் எனக்கு வெளியே ஓடும். திங்கள், புதன், வெள்ளி. காலை ஏழு மணிக்கு ஊசி ஏற்றினால் பதினொன்றரைக்குத்தான் கழற்றுவார்கள். ஜெர்மனியில், ஹம் ரயில் நிலையத்திலிருந்து நாலு தெரு தள்ளி, கீழே மருந்துக்கடை, மேலே டயாலிசிஸ். ஆறு வருஷமாக இதுதான் என் உத்தியோகம். அதற்கு முன்னர் கேபிள் தொழிற்சாலையில் இருந்தேன். அங்கே லீவாவது கிடைத்தது.

சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட ஆளுக்குச் சிறுநீர் போகாது. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். அதனால் எனக்கு ஒரு நாளைக்கு முக்கால் லீற்றர் தண்ணீர்தான். மனைவி காலையில் ஒரு போத்தலில் அளந்து வைத்துவிடுவாள். தேத்தண்ணீர், ரசம், மாத்திரை விழுங்கும் மடக்கு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். பசியை மறக்கலாம், தாகத்தை மறக்க முடியாது. கனவில்கூட நான் குழாயடியில்தான் நிற்பேன்.

சாய்ந்து படுக்கும் என் கதிரைக்கு வலது பக்கம், ஜன்னலோரம், ஆர்ஜென்டினாக்காரரின் கதிரை. நாற்பது வருஷம் இந்த நாட்டில் வெல்டராக இரும்பு ஒட்டியவர். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் வடக்கே எங்கேயோ. அவருடைய ஜெர்மன் என்னுடையதைவிட மோசம், அதனால்தான் எங்களுக்கு ஒத்துப்போனது. ஒருவரையொருவர் ‘நீ’ என்றே பேசிக்கொள்வோம். எனக்கு இடது கையில் ஊசி. அவர் இடக்கைக்காரர் என்பதால் அவருக்கு வலது கையில். ஆக என் வலது கையும் அவருடைய இடது கையும் பக்கத்துப் பக்கத்தில் சும்மா இருக்கும்.

அந்த இரண்டு கைகளாலும்தான் நாங்கள் கை தட்டினோம். அவருடைய ஊர் அணியின் ஆட்டம் நடந்தால், அங்கேயிருக்கும் அவருடைய அக்கா மகன் பதிவை அனுப்பிவைப்பார். இரண்டு கதிரைக்கும் நடுவில் சின்ன மேசையைப் போட்டுக் டேப்லெட்டை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்ப்போம். கோல் விழுந்தால் அவர் தன் கையை நீட்டுவார், நான் என் கையால் அதில் அடிப்பேன். முதல் தடவை மெஷின் அலறி, தாதி ஓடிவந்து இருவரையும் ஏசிவிட்டுப் போனாள்.

எனக்குக் கால்பந்தில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. நாலரை மணித்தியாலம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல், அவ்வளவுதான். போகப் போக அந்த அணியின் பின்வரிசை ஆட்களைக்கூட எனக்கு அடையாளம் தெரிந்தது.

போன பெப்ரவரியில் அவருடைய அணிக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. தென்னமெரிக்கா முழுவதற்குமாக வருஷத்துக்கு இரண்டு கோப்பைகள், ஒன்று பெரியது, மற்றது அதற்கு அடுத்தது. பெரியதை வென்ற அணியும் அடுத்ததை வென்ற அணியும் மறு வருஷத் தொடக்கத்தில் மோதும். ஒரே ஆட்டம் இல்லை, இரண்டு. ஒன்று இவர்கள் மைதானத்தில், ஒரு வாரம் கழித்து மற்றது அவர்கள் மைதானத்தில். இரண்டு ஆட்டத்துக் கோல்களையும் கூட்டித்தான் வெற்றி யாருக்கென்று சொல்வார்கள். அடுத்ததை வென்றது இவருடைய அணி, பெரியதை வென்றது ஒரு பிரேசில் அணி.

எங்களுக்குள் ஒரு ஒப்பந்தம் இருந்தது. தனியே பார்க்கக்கூடாது, முடிவைத் தேடக்கூடாது. அங்கே ஆட்டம் முடியும்போது இங்கே விடிகாலையாகிவிடும். வெள்ளிக்கிழமை காலை, இரண்டு பேரும் காதைப் பொத்தாத குறையாக வந்து படுத்தோம். முதல் ஆட்டத்தில் இவருடைய அணி இரண்டுக்கு ஒன்று என்று வென்றது. இரண்டு தடவை கை தட்டினோம். முடிந்ததும், “இது பாதிதான், இன்னும் சந்தோஷப்படாதே” என்றார். அவருடைய வாய் மட்டும் காதுவரை போயிருந்தது.

திங்கள்கிழமை டயாலிசிஸ் முடிந்து எழும்பும்போது அவருக்கு இரத்த அழுத்தம் இறங்கி, விழப் பார்த்தார். தாதிகள் காலைத் தூக்கி வைத்துப் படுக்க விட்டார்கள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. புதன்கிழமை நான் போனபோது ஜன்னலோரக் கதிரை காலி.

எங்கே என்று கேட்டேன். “சொல்ல அனுமதி இல்லை” என்றாள் தாதி. நோயாளியைப் பற்றி மற்றவருக்குச் சொல்லக்கூடாது என்பது இந்த நாட்டுச் சட்டம், அவளைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால் ஆறு வருஷத்தில் என்னைச் சுற்றி ஐந்து கதிரைகள் காலியாகின, ஐந்து பேரும் செத்துத்தான் போயிருந்தார்கள். ஐந்து தடவையும் இதே பதில், இதே போலக் குனிந்து குழாயைச் சரிசெய்வது. அவருடைய தொலைபேசிக்கு அடித்தேன், அணைந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை அந்தக் கதிரையில் வேறொரு பெண் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு உறங்கினாள். எனக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

அன்றைக்குத்தான் இரண்டாவது ஆட்டம். அதன் பதிவு இணையத்திலும் இருந்தது. பார்க்காமல் விடத்தான் நினைத்தேன், மனம் கேட்கவில்லை. அந்த மனுஷன் பாதியோடு போய்விட்டார், மீதியை யாராவது பார்க்கவேண்டாமா? தொலைபேசியை வயிற்றில் நிறுத்தி வைத்துப் பார்த்தேன். பிரேசில்காரர்கள் ஒரு கோல் போட்டார்கள். கூட்டினால் இரண்டுக்கு இரண்டு. இவருடைய அணி அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டு வெளியே போனபோது, என் வலது கை தன் பாட்டில் ஜன்னல் பக்கம் நீண்டது. அங்கே அந்தப் பெண்ணின் போர்வைதான் இருந்தது. மேலதிக நேரத்திலும் கோல் இல்லை. பெனால்டியில், கடைசியாக அடித்தவன் பந்தைக் கம்பத்துக்கு மேலால் அனுப்பிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டான். நானும் அழுதேன். ஊசி வலிக்கிறதென்று நினைத்த தாதி வந்து பிளாஸ்டரைத் திருப்பி ஒட்டிவிட்டுப் போனாள்.

“அவர் போயிட்டார்” என்று வீட்டுக்கு வந்து சொன்னேன்.

மனைவி அவரை இரண்டு தடவைதான் கண்டிருக்கிறாள். ஆனால் எங்கள் வீட்டில் மரணத்துக்கு உரிய மரியாதை உடனே நடந்தது. வெள்ளிக்கிழமை எப்படியும் மரக்கறிதான், சனிக்கிழமையும் மரக்கறி சமைத்தாள். ஞாயிறும் அப்படியே. திங்கள் பின்னேரம், “புதன்கிழமை எட்டு வருது” என்றாள். எங்கள் வழக்கத்தில் செத்தவருக்கு எட்டாம் நாள் அவர் விரும்பிச் சாப்பிட்டதைப் படைப்போம்.

“உமக்கென்ன விசரே? அந்தாள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போறவர்” என்றேன்.

“வேதக்காரருக்குப் பசிக்காதோ? அந்த மனுஷனுக்குப் படைக்க ஆர் இருக்கினம்?”

புதன்கிழமை நான் டயாலிசிஸ் முடிந்து வந்து கொஞ்சம் கண்ணயர்ந்து எழும்ப, ஜன்னலோர மேசையில் வாழையிலை விரித்திருந்தது. சோறு, இரண்டு கறி, அவர் ஒருமுறை கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பொரித்த பற்றிஸ் பலகாரம் நாலு. தண்ணீரை மட்டும் நான் வைத்தேன். அலுமாரியில் இருந்ததிலேயே பெரிய கிளாஸை எடுத்து, குழாயைத் திறந்து விளிம்புவரை நிரப்பினேன். வாழ்ந்த காலத்தில் அளந்து குடித்த மனுஷன், இப்போதாவது நிறையக் குடிக்கட்டும் என்று நினைத்தேன்.

நாலு மணியிருக்கும். தொலைபேசி அடித்தது. திரையில் அவருடைய பெயர்.

மகளாக்கும் என்று எடுத்தேன். “நான்தான்” என்றார் அவர். “முடிவை யாரும் உனக்குச் சொல்லவில்லையே?”

அவர் சொல்லிக்கொண்டே போனார். போன வருஷக் கடைசியில் அவருக்கு அறுபத்தைந்து முடிந்ததாம். அறுபத்தைந்து முடிந்தவர்களுக்கு, வயதானவர்களின் சிறுநீரகத்தைக் கொடுக்கும் தனி வரிசை இருக்கிறதாம். பெயரை அங்கே மாற்றி மூன்று மாதம்கூட ஆகவில்லை. செவ்வாய் பின்னேரம் கூப்பிட்டார்களாம், புதன் காலை வைத்தாயிற்றாம். ஆஸ்பத்திரிக்குப் போன டாக்ஸியில் தொலைபேசியை விட்டுவிட்டார், இன்றைக்குத்தான் டாக்ஸிக்காரர் கொண்டுவந்து கொடுத்தாராம். எட்டு நாளாகத் தாதிகளிடமும் மகளிடமும் கால்பந்து பற்றி வாய் திறக்கக்கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறார்.

மனைவி என் முகத்தைப் பார்த்துப் பயந்து, “என்னப்பா?” என்றாள். தொலைபேசியைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். வாயில் கை வைத்தாள். “கடவுளே, உயிரோட இருக்கிற மனுஷனுக்கெல்லோ படைச்சுப் போட்டம்” என்றாள். பிறகு சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள். “சந்தோஷம் எண்டு சொல்லுங்கோ, நான் சுகம் கேட்டதெண்டும் சொல்லுங்கோ” என்று இலையை மடித்துத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனாள். அவளுக்கு ஐந்து மணிக்கு முதியோர் இல்லத்தில் வேலை.

சந்தோஷம் என்று நானும் சொன்னேன். சொன்னது வாய்தான். உள்ளே கணக்குப் பார்த்தேன். எனக்கு ஐம்பத்தேழு. மெஷினில் அவருக்கு மூன்று வருஷம், எனக்கு ஆறு வருஷம். என் இரத்தம் ஓ வகை, யாருக்கும் கொடுக்கலாம், கண்டவரிடமும் வாங்க ஏலாது. மனைவிக்குச் சீனி வருத்தம், அவளுடையதை எடுக்கமாட்டோம் என்று டாக்டர்மார் சொல்லிவிட்டார்கள். கிழவனாகும்வரை உயிரோடு இருந்தால் எனக்கும் அந்த வரிசை உண்டு, இன்னும் எட்டு வருஷம். ஒரு வாரம் அந்த மனுஷனுக்காக அழுதவன் நான். அவர் செத்தபோது நான் நல்லவனாக இருந்தேன்.

“இப்போதே பார்ப்போமா?” என்றார். ஏற்கெனவே பார்த்துவிட்டேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொன்னால் ஏன் என்று கேட்பார். அதனால் ஓம், பார்ப்போம் என்றேன். ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு, ஒன்று இரண்டு மூன்று என்று எண்ணி இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆட்டத்தைத் தொடக்கினோம். மனைவி வேலைக்குப் போய்விட்டாள். அன்றைக்கு என் இரண்டு கைகளும் சும்மாதான் இருந்தன.

கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டது. முதலில் என்னவென்று விளங்கவில்லை. தண்ணீர். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். மடக்கு மடக்காக, நிறுத்தாமல், கடைசியில் ஒரு பெருமூச்சு. “ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் குடிக்கச் சொல்கிறார்கள்” என்றார், “குடிக்காவிட்டால் ஏசுகிறார்கள், நம்புவாயா?” பிறகு திரும்பவும் ஊற்றும் சத்தம். என் போத்தலில் அன்றைக்கு நாலு விரல் அளவு மிச்சம்.

பிரேசில்காரர்கள் கோல் போட்டதும் அவர் கத்தினார். அவருடைய அணி தோற்கப்போகிறது என்று எனக்குத் தெரியும். எனக்கு அது இனித்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உண்மை. எல்லாம் கிடைத்த மனுஷனுக்கு இதுவாவது கிடைக்காமல் போகட்டும் என்று காத்திருந்தேன். பந்து கம்பத்தில் பட்டபோது அவர் ஸ்பானிய மொழியில் ஏதோ புலம்பினார். பெனால்டிக்கு வந்தது. கடைசி ஆள் பந்தை மேலால் அடித்தான். முடிந்தது.

அழுவார் என்று பார்த்தேன். அவர் இன்னொரு மடக்குத் தண்ணீர் குடித்தார். “பரவாயில்லை” என்றார். “வேறொரு வருஷம் வரும். எனக்கு அவசரமில்லை.”

அவசரமில்லை. மூன்று வருஷத்தில் அந்த வாயால் அப்படியொரு சொல்லை நான் கேட்டதில்லை. அடுத்த திங்களுக்கு அப்பால் எதையும் நாங்கள் அங்கே பேசுவதில்லை.

“நீ முதலே பார்த்துவிட்டாய்” என்றார் பிறகு. “கம்பத்தில் பட்டபோது நீ மூச்சுகூட விடவில்லை.”

“பார்த்தேன். வெள்ளிக்கிழமை. நீ செத்துவிட்டாய் என்று நினைத்தேன்.”

சிரிக்கத் தொடங்கி, தையல் இழுத்து, நோவில் முனகினார். “எனக்காகவா பார்த்தாய்?”

“ஓம்” என்றேன், தமிழிலேயே. அவருக்கு விளங்கியது.

“நன்றி” என்றார். “இனி நீதான் பாக்கி. உனக்கும் வரும். அதுவரை நான் பதிவை அனுப்புகிறேன், வெள்ளிக்கிழமைகளில் தொலைபேசி எடு.” எடுக்கிறேன் என்றேன். எடுக்கமாட்டேன் என்று அப்போதே எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் ஐந்தாறு தடவை அழைத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

அன்றைக்குத் தொலைபேசியை வைத்துவிட்டு எழும்பினேன். மனைவி இலையைத்தான் எடுத்திருந்தாள், அவருக்காக நான் நிரப்பிவைத்த கிளாஸ் ஜன்னலோரம் அப்படியே நின்றது. போத்தலில் மிச்சமிருந்ததைப் பார்த்தேன், கிளாஸைப் பார்த்தேன். பிறகு கிளாஸை எடுத்து, நின்றபடியே, அடிவரை குடித்தேன்.