ஞாயிற்றுக்கிழமைப் பொட்டு

அந்த வைகாசிக் கடைசியிலிருந்து ஆனி பாதிவரை ஞாயிற்றுக்கிழமை வந்தால் அம்சம் ஒரு மணிக்குள் சோற்றை வடித்து இறக்கிவிடுவாள். வாசல் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்காருவாள். கண்ணாடியின் ஓரத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். அதை நகத்தால் பெயர்த்து நெற்றியில் வைத்துக்கொள்வாள். மகள் விட்டுப்போன கண்ணாடி வளையல்களைக் கையில் ஏற்றுவாள். தாலி இல்லாத கழுத்து தெரியாதபடி முந்தானையைச் சுற்றி இழுத்துச் செருகுவாள். கடைசியாக எழுந்து போய், மாடத்தில் இருக்கும் மாரியம்மன் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைப்பாள். பொய் சொல்லும்போது அந்தத் தாய் முகத்தைப் பார்க்க அவளால் முடியாது.

அவள் புருஷன் ரெத்தினம் வைகாசி மூன்றாம் தேதி செத்துப்போனார். கப்பலில் டிரம்ஸ் வாசிக்கிற மகன் இனியவனுக்கு அது தெரியாது. ஆவணியில் அவன் கரை இறங்கும்வரை தெரியவும் கூடாது. அது செத்துப்போனவர் வைத்துவிட்டுப் போன கட்டளை.

ஏன் அப்படி ஒரு கட்டளை என்றால் அதற்கு ரெத்தினத்தின் பழைய கதையைச் சொல்லியாக வேண்டும்.

மன்னார்குடிக்குத் தெற்கே, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து எட்டிப்பார்க்கிற கடைமடை ஊர் அவர்களுடையது. ரெத்தினம் வாலிபத்தில் பறை அடித்தவர். ஆசைப்பட்டு அடிக்கவில்லை. பண்ணை வீடுகளில் சாவு விழுந்தால் ஆள் வந்து தெருமுனையில் நின்று பேர் சொல்லிக் கத்துவான். சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் கையை உதறிவிட்டு ஓட வேண்டும். மூத்த மகள் சுடர்விழி பிறந்த அன்றும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இரண்டு நாள் பிணத்துக்கு அடித்துவிட்டு மூன்றாம் நாள்தான் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். பார்த்த கையோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய்ச் சூடம் ஏற்றினார்.

"இனிமே என் கையோ, என் புள்ளைங்க கையோ சாவுக்கு அடிக்காது தாயே. அடிச்சா நீயே கேளு" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு போகம் அவரை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அவர் அசையவில்லை. பிற்பாடு பாடுபட்டு மூன்று மா நிலம் சொந்தமாக்கிக்கொண்டார். பிள்ளைகள் இரண்டையும் படிக்க வைத்தார். சுடர்விழி திருவாரூரில் டீச்சர் ஆனாள். இனியவன் மட்டும் கல்லூரிக்குப் போன இடத்தில் மெல்லிசைக் குழுவில் சேர்ந்து டிரம்ஸ் அடிக்க ஆரம்பித்தான். ரெத்தினம் பத்து நாள் மகனோடு பேசவில்லை.

பதினோராம் நாள், பக்கத்து ஊர்த் திருவிழாவில் கச்சேரி என்று கேள்விப்பட்டு, சொல்லாமல் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்று பார்த்துவிட்டு வந்தார்.

"ஏண்டி அம்சம், அவன் அடிக்க அடிக்க சனம் ஆடுதுடி. ஒருத்தர் மூஞ்சியிலயும் அழுகை இல்ல" என்றார். அவர் கண்தான் கலங்கியிருந்தது.

மறுநாள் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "அடிச்சுக்க. ஆனா சந்தோசத்துக்கு மட்டுந்தான் அடிக்கணும். சாவுக்கு ஒன் கை படக்கூடாது. அம்மாகிட்ட வாக்கு குடுத்திருக்கேன்."

"எந்த அம்மாகிட்ட? இந்த அம்மாகிட்டயா?" என்று அம்சத்தைக் காட்டிச் சிரித்தான் இனியவன்.

"ரெண்டு அம்மாகிட்டயும்னு வச்சுக்கடா."

அப்புறம் அவனுக்குச் சென்னையில் ஒரு சிநேகிதன் மூலமாகக் கப்பல் வேலை கிடைத்தது. அவன் அடிப்பதைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னார்கள். கண்ணு, காது, நெஞ்சு எல்லாம் சோதித்துப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். ஊர் ஊராகக் கடலில் சுற்றிப் பார்க்க வருகிற வெள்ளைக்காரர்களுக்கு வாசிக்கிற நாலு பேர் குழு. பகலில் நீச்சல் குளத்தோரம், சாயங்காலம் பெரிய கூடத்தில். ஏழு மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. "கடல்ல போற கல்யாண மண்டபம்" என்று ரெத்தினம் டீக்கடையில் பெருமையாகச் சொல்லுவார்.

அம்சத்துக்கு அந்தப் பெருமை முழுசாக ஒட்டவில்லை. மகன் சொன்ன சில விஷயங்கள் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தன. அவனுக்குக் கொடுத்த அறை தண்ணீர் மட்டத்துக்கும் கீழே. ஜன்னல் கிடையாது. விடிந்ததா அடைந்ததா என்று போனைப் பார்த்தால்தான் தெரியும். பயணிகள் சாப்பிடும் இடத்தில் இவர்கள் கால் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், வாசிக்கும்போது சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். பல் வலியோடு அடித்த ஒருநாள், முகம் வாடியிருந்தது என்று மேலாளர் மேலிடத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்துவிட்டார். இரண்டாம் தடவை எழுதினால் அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள். அப்புறம் எந்தக் கப்பலும் சேர்க்காது.

"கூலிக்குக் களை எடுக்கப் போனாக்கூட நம்ம மூஞ்சி நம்மளதா இருந்துச்சே தம்பி" என்றாள் அம்சம்.

"பழகிட்டும்மா. தூங்கறப்பகூடச் சிரிக்கிறேன்னு கூட இருக்கிறவன் சொல்றான்."

மூன்றாவது முறையாகக் கப்பல் ஏறி நாலு மாதமிருக்கும். ரெத்தினத்துக்கு நெஞ்சு வலி வந்தது. தஞ்சாவூரில் ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தார். மூன்றாம் நாள் பேச்சு கொஞ்சம் தெளிந்தபோது அம்சத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவன்கிட்ட சொல்லாத."

"என்ன பேச்சுங்க இது? ஒங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

"ஆனா சொல்லாத. தெரிஞ்சா அவன் அழுவான். சிரிச்சுக்கிட்டே அடிக்கணும்னு சொல்லியிருக்கான், அதனால உள்ளுக்குள்ள அழுவான். அழுதுக்கிட்டு அடிச்சா எந்த மேளமா இருந்தாலும் அது சாவு மேளந்தாண்டி. முப்பது வருசம் காத்த வாக்கு. என்னாலேயே கெட்டுடக் கூடாது."

மறுநாள் விடியக்காலையில் போய்விட்டார்.

அவர் சொல்லியிருந்தபடி அவர் சாவுக்கு மேளம் இல்லை. தெருவுக்கே அது புதிசு. அழுகைச் சத்தமும் காலடிச் சத்தமும் மட்டும் சுடுகாடுவரை போயின. ரெத்தினத்தின் தம்பி மகன் வளவன் கொள்ளி வைத்தான். பஸ் ஸ்டாண்டில் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்கக் கூடாது, போனில் ஸ்டேட்டஸ் வைக்கக் கூடாது என்று வளவன் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டான்.

சுடர்விழிக்கு இது பொறுக்கவில்லை.

"அவன் மகன்மா. அப்பா செத்தது தெரியாம ஒருத்தன் அங்க ஆடிக்கிட்டிருக்கணுமா? நாளைக்கு வந்து ஒன் மூஞ்சியில முழிப்பானா?"

"ஒங்கப்பா சொல்லிட்டுப் போயிருக்காருடி."

"அப்பா சொன்னாரு, அம்மன் சொல்லிச்சு. நீ என்ன சொல்ற?"

அம்சம் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். பதினாறாம் நாள் தெருப் பெண்கள் அவள் நெற்றியை அழித்து, தாலியை இறக்கினார்கள். சுடர்விழி தடுத்துப் பார்த்தாள். அம்சம்தான் "விடுடி, வழக்கம்" என்றாள். அதுவரை அந்த நெற்றியில் கோயில் குங்குமத்தைத் தவிர வேறு எதுவும் ஏறியதில்லை. அதற்கடுத்த ஞாயிறுதான் கடையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று வாங்கினாள். குங்குமம் வைத்தால் அம்மனுக்குப் பொய் சொன்னதாகும். இது கடைப் பொட்டு, மனுஷனுக்குச் சொல்கிற பொய்தான் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். படத்தைத் திருப்பியும் வைத்தாள்.

எதிர்வீட்டுக்காரி ஒருநாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். "என்ன அம்சம், ஞாயித்துக்கெழமை மட்டும் சுமங்கலியா?" என்றாள். அம்சம் வாசல் கதவைச் சாத்தினாள். உள்ளே வந்து அடுப்படியில் நின்று அழுதாள்.

ஒன்றரை மணிக்குப் போன் அடிக்கும். அங்கே அப்போது காலை பத்து. கப்பல் ஏதாவது ஊரில் கட்டியிருக்கும். இனியவன் கரையில் உட்கார்ந்து பேசுவான். பூப்போட்ட சட்டை, அரை மணியில் போய் வாசிப்பதற்குத் தயாராக.

"என்னம்மா, ஸ்டிக்கர் பொட்டு?"

"குங்குமம் அரிக்குதுடா. வெயிலு."

"அப்பா?"

"ரேசன் கடைக்குப் போனாரு. அவருக்குத்தான் போன்ல காது கேக்காதே."

அது பொட்டு வைத்த முதல் ஞாயிறு; அதற்கு முந்தின ஞாயிறுகளில் சிக்னல் இல்லை என்று சாக்குச் சொல்லிப் போனை எடுக்காமலே விட்டிருந்தாள். அடுத்த ஞாயிறு மறுபடியும் கேட்டான். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் மேட்டூரில் அணை திறந்திருந்தார்கள். பூத்தூவித் தண்ணீர் விடுவதை டிவியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அதுவே அவள் கண்ணில் நின்றது.

"அப்பா எங்கம்மா?"

"வயலுக்குப் போயிருக்காரு சாமி. தண்ணி வந்துடுச்சுல்ல, மடை தொறந்துவிட்டுட்டு வரேன்னு போனாரு."

"தண்ணி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு, வந்துடுச்சு. வாய்க்கா நெறையப் போவுது."

போனில் அவன் முகம் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தது. சிக்னல் நின்றுவிட்டது என்று நினைத்து அம்சம் போனைத் தட்டினாள்.

"சரிம்மா. நீ சாப்புடு. நேரத்துக்குச் சாப்புடு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு பேசினான். குழுவில் பாடுகிற பிலிப்பைன்ஸ்காரி ஊருக்குப் போய்விட்டாள் என்றான். ஒரு கிழவி தினமும் வந்து தனியாக ஆடுகிறாள் என்றான். அக்கா நல்லாயிருக்காளா என்றான். போனை வைத்த பிறகு ஒவ்வொரு தடவையும், அப்பாடா, இன்றைக்குத் தப்பித்தோம் என்று அம்சம் மூச்சு விட்டாள். எதனால் தப்பித்தோம் என்று யோசிக்கவில்லை.

ஆனி பாதி கழிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை வாய்க்காலில் தண்ணீர் வருகிறது என்று சத்தம் கேட்டு எல்லாரும் ஓடினார்கள். அம்சமும் போனாள். வெடித்துக் கிடந்த வாய்க்காலில் சருகையும் நுரையையும் தள்ளிக்கொண்டு தண்ணீர் மெதுவாக வந்தது. பெண்கள் பூவைப் போட்டுக் கும்பிட்டார்கள். அண்டை வயல்காரர் சாமிதுரை மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பாத்தியா அம்சம்? மேட்டூருல தொறந்து இன்னைக்கு இருபத்தோரு நாளு. நடந்து வந்திருந்தாகூட இதுக்கு முன்னாடி வந்திருக்கலாம்!" என்று சொல்லிச் சிரித்தார்.

எல்லாரும் சிரித்தார்கள். அம்சம் மட்டும் விரலை மடக்கி நாள் எண்ணினாள். வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

அணை திறந்த இரண்டாம் நாள் அவள் மகனிடம் வாய்க்கால் நிறையத் தண்ணீர் என்று சொல்லியிருந்தாள். இந்த ஊரில் பிறந்த பச்சைப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், கடைமடைக்குத் தண்ணீர் இரண்டு நாளில் வராது என்று. ரெத்தினத்தோடு கூடவே நின்று மடை திறந்து வளர்ந்தவனுக்குத் தெரியாதா? மூன்று ஞாயிற்றையும் மனசில் ஓட்டிப் பார்த்தாள். தண்ணீர் என்று சொன்ன பிறகு அவன் ஒருதடவைகூட அப்பா எங்கே என்று கேட்கவே இல்லை.

அந்த ஞாயிறு அவள் ஸ்டிக்கரைத் தொடவில்லை. வளையல் போடவில்லை. படத்தையும் திருப்பவில்லை. வெறும் நெற்றியோடு போன் முன்னால் உட்கார்ந்தாள்.

அவன் பார்த்தான். அவன் பின்னால் கப்பல் வெள்ளைச் சுவராக நின்றது.

"எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா சாமி?" என்றாள் அம்சம்.

"நீ பொட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தியேம்மா. அதை நான் எப்படி அழிக்கிறது?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்னைக்கும்மா?"

"வைகாசி மூணு. விடியக்காலையில."

அவன் தேதியைக் கணக்குப் பார்த்தான். "இங்க அதுக்கு முந்தின நாள் ராத்திரி. ஒரு கெழவனுக்கும் கெழவிக்கும் அம்பதாவது கல்யாண நாளு. ரெண்டு பேரையும் ஆட வச்சேன்." சட்டைப் பொத்தானைத் திருகினான். "யாரு கொள்ளி வச்சா?"

"வளவன்."

"மேளம்?"

"இல்லப்பா. அவரு சொன்னபடியே மேளம் வைக்கல."

அவன் தலையை ஆட்டினான். அம்சம் ரெத்தினம் ஆஸ்பத்திரியில் சொன்னதை முழுக்கச் சொன்னாள். வாக்கைப் பற்றிச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டுக் கேட்கப் பயந்து, ஆனாலும் கேட்டாள்.

"இந்த மூணு வாரமும் எப்புடிய்யா வாசிச்ச?"

"மூஞ்சி சிரிச்சுக்கிட்டுதாம்மா இருந்துச்சு. யாரும் எழுதிக் குடுக்கல." அவன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டான். "கை எதை அடிச்சுச்சுன்னு எனக்குத்தான் தெரியும்."

யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். திரும்பி அவர்கள் பாஷையில் பதில் சொன்னான். சொல்லும்போதே முகம் தானாகச் சிரிப்புக்கு மாறியது. அந்தச் சிரிப்போடே இவள் பக்கம் திரும்பிவிட்டான். அதைக் கழற்ற அவனுக்கு நேரமாயிற்று. அம்சத்தால் அதைப் பார்க்க முடியவில்லை.

"வந்துடுய்யா. வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

"வந்து யாரைம்மா பாக்கப் போறேன்? கையெழுத்துப் போட்டிருக்கேன். முடிச்சுட்டு வரேன். நேரமாச்சு, வைக்கிறேன்."

போன் இருண்டது. அம்சம் மாடத்தைப் பார்த்தாள். மாரியம்மன் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் அடிக்கிறதுக்கு என்னைக் கேளு தாயே, அவனைக் கேக்காத" என்றாள். எழுந்து சூடம் தேடினாள். டப்பா காலியாக இருந்தது.

சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு. நீச்சல் குளத்தோரம் இப்போது குச்சியை எடுத்திருப்பான். ஆவணி பிறக்க இன்னும் ஆறு வாரம் இருந்தது. கண்ணாடி ஓரத்தில் பசை போன ஸ்டிக்கர் பொட்டு, பாதி பெயர்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது.