ரெஜ் ஆம்ப்ளருக்கு எதிராக நாற்பத்தொரு கைகள்

கார்ஸ்டேலில் ரெஜ் ஆம்ப்ளரைப் பிடிக்காதவர் என்று யாரும் கிடையாது. அவரை ஊரைவிட்டு அனுப்பியதும் நாங்கள்தான்.

இருபத்தேழு வருடம் ‘மூன்று லாடம்’ பப்பை அவர்தான் நடத்தினார். கட்டடம் ஒரு பெரிய கம்பெனிக்குச் சொந்தம், ரெஜ் குத்தகைக்காரர். கீழே கடை, மாடியில் வீடு, கடைக்கு அடியில் நிலவறை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எங்கள் பக்கத்து பீர் பீப்பாய்க்குள் வந்த பிறகும் புளித்துக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டுத் திறந்தால் கலங்கல், அசந்துபோனால் காடி. காலையில் எழுந்ததும் நிலவறைக்குப் போய்ப் பீப்பாய்களைப் பார்த்துவிட்டு வந்துதான் தனக்கு டீ போடுவார் ரெஜ். பக்குவத்துக்கு வராததை யார் கெஞ்சினாலும் ஊற்ற மாட்டார்.

காஸ் அடைத்த பீரை வைத்தால் வேலை மிச்சம் என்று கம்பெனி ஆள் ஒருவர் வந்து சொல்லிப் பார்த்தார். “சோடா குடிக்கணும்னா கடைத்தெருவுல கிடைக்குது தம்பி. இங்க எதுக்கு வர்றாங்க?” என்றார் ரெஜ். அந்த ஆள் போகும்முன் ஒரு கிளாஸ் குடித்தார். பிறகு இன்னொன்றும் கேட்டு வாங்கிக் குடித்தார்.

ஆனால் நாங்கள் அங்கே போனது பீருக்காக மட்டுமில்லை. என் கணவர் டெட் இறந்து ஆறு வாரம் கழித்து, வீட்டில் இருக்க முடியாமல் ஒரு நாள் சாயங்காலம் ஐந்து மணிக்குத் தனியாக உள்ளே நுழைந்தேன். அதுவரை டெட் இல்லாமல் நான் அந்தக் கதவைத் திறந்ததில்லை. கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றேன். ஜன்னலோர மேசையில் நான்கு பேர் டாமினோ ஆடிக்கொண்டிருந்தார்கள். ரெஜ் என்னைப் பார்த்தார். பிறகு அந்த நால்வரில் ஒருவரான ஹெரால்டைப் பார்த்தார்.

“ஹெரால்டு, உன் பொண்டாட்டி ஃபோன் பண்ணினா. உடனே வரச் சொல்றா.”

“யோவ், எனக்கு ஏதுய்யா பொண்டாட்டி?”

“அப்ப யார்னு போய்ப் பாரு. சீக்கிரம்.”

ஹெரால்டு திருதிருவென்று விழித்தார். என்னைப் பார்த்ததும் புரிந்துகொண்டு எழுந்தார். “வாம்மா மேவிஸ், ஒரு ஆள் குறையுது,” என்று என்னை அந்த நாற்காலியில் உட்காரவைத்தார் ரெஜ். அன்று நான் மூன்று ஆட்டம் தோற்றேன். டெட் போனபின் முதல்முறையாகச் சிரித்தேன். பதினோரு வருடம் அந்த நாற்காலி என்னுடையதாக இருந்தது.

அப்புறம்தான் கம்பெனி கட்டடத்தை விற்கப் போவதாக அறிவித்தது. இடித்து அடுக்குமாடி கட்டப் போகிறார்களாம். ஊர் கொதித்தது. லீட்ஸ் நகரத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் வீடு வாங்கியிருந்த ஜூலியன் பெக் என்பவர், ஊரே பங்கு போட்டு வாங்கிவிடலாம் என்றார். சட்டம் தெரிந்தவர், நன்றாகப் பேசுவார். நாங்கள் வீடு வீடாகப் போனோம். மழையில் அட்டை பிடித்து நின்றோம். அட்டைகளில் ரெஜின் படம்தான் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஜனங்கள் பங்கு வாங்கினார்கள். இரண்டு வருடம் ஆனது. ஜெயித்தோம், பப் ஊருக்குச் சொந்தமானது. அன்று ரெஜ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிலவறைக்குள் போய்விட்டார்.

முதல் பொதுக்கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், பப்பிலேயே நடந்தது. பெக் தலைவர். கூட்டம் நடக்க நடக்க ரெஜ் எல்லோருக்கும் பீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

“சாப்பாடு இல்லாம இந்தக் காலத்துல பப் நிக்காது,” என்றார் பெக். “குடும்பத்தோட வரணும். என்ன ரெஜ், சமையல் தொடங்கலாமா?”

“இது பீர் குடிக்கிற இடம். பசிச்சா அவங்கவங்க வீட்ல அடுப்பு இருக்கு.”

எல்லோரும் சிரித்தார்கள். பெக்கும் சிரித்தார். பிறகு கையிலிருந்த தாளைப் பார்த்துத் தீர்மானத்தைப் படித்தார்: சமையல் தெரிந்த ஒரு தம்பதியை நிர்வாகத்துக்கு நியமிக்க விளம்பரம் செய்வது. மாடி வீடு அவர்களுக்கு. “ரெஜும் தாராளமா விண்ணப்பம் போடலாம்,” என்றார்.

ரெஜின் கை பீர் பம்பின் பிடியில் அப்படியே நின்றுவிட்டது.

முதலில் கை தூக்கியது ஹெரால்டு. ஞாயிற்றுக்கிழமை மதியம் வறுத்த மாட்டிறைச்சி கிடைக்குமே என்று பல நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர். பிறகு வரிசையாக மற்றவர்கள். என் மகள் ஞாயிறுகளில் குழந்தைகளோடு வருவாள். சமைத்துப் பாத்திரம் கழுவி எனக்கு இடுப்பு ஒடிந்துபோகும். இங்கேயே கூட்டி வந்துவிடலாமே என்று நினைத்தேன். எப்படியும் ரெஜை யாரும் போகவிட மாட்டார்கள் என்றும் நினைத்தேன். கையைத் தூக்கினேன். நாற்பத்தொரு பேர் ஆதரவு, ஒன்பது பேர் எதிர்ப்பு.

ரெஜ் விண்ணப்பம் போடவில்லை. போகிற அன்று காலையில் பீர்க் குழாய்களை எல்லாம் கழுவி, இரண்டு புதுப் பீப்பாய்களைப் பக்குவப்படுத்தி வைத்துவிட்டுப் போனார். பிரியாவிடை என்று எதுவும் நடக்கவில்லை. அந்த வாரம் பெக்கின் நிர்வாகக் குழு முழுக்கத் திறப்புவிழா வேலையில் இருந்தது. அவருக்கு வேறு வீடும் கிடையாது. பிரிட்லிங்டனில் கடலோரமாக இருந்த தங்கை வீட்டுக்குப் போனார்.

ஒரு வருடம் கழித்து நான் பஸ் பிடித்து அவரைப் பார்க்கப் போனேன். தங்கை கதவைத் திறந்தாள். ரெஜ் இளைத்துப் போயிருந்தார். டீ கொடுத்தார். ஒரு பல்பொருள் அங்காடியில் தள்ளுவண்டிகளைத் திரட்டும் வேலை பார்ப்பதாகச் சொன்னார்.

“கூட்டம் எப்படி வருது?” என்று கேட்டார்.

“நல்லா வருது.”

“பீர்?”

“பரவாயில்ல,” என்றேன். உண்மையில் நன்றாகவே இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. “ரெஜ், அன்னிக்கு நான்...” என்று தொடங்கினேன்.

“பாத்தேன்மா. கவுன்டருக்குப் பின்னாடி நின்னா எல்லாம் தெரியும். மத்தவங்க சட்டுனு தூக்கினாங்க, அது ஒண்ணும் இல்ல. நீ ஒரு நிமிஷம் யோசிச்ச. யோசிச்சுட்டுத் தூக்கின.”

கோபம் எதுவும் இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார்.

அடுத்த பிப்ரவரியில் தங்கையிடமிருந்து ஃபோன் வந்தது. மாரடைப்பு, இரண்டே நாள். அடக்கமும் முடிந்துவிட்டது என்றாள். நான் நேராக ‘மூன்று லாட’த்துக்குப் போனேன். வறுவல் வாசனையும் குழந்தைகள் சத்தமுமாக இருந்தது. ஹெரால்டிடம்தான் முதலில் சொன்னேன். கையிலிருந்த முள்கரண்டியைத் தட்டில் வைத்தார்.

“முன்னாடியே சொல்லியிருந்தா எல்லாரும் போயிருப்போமே. அந்தத் தங்கச்சி ஏன் சொல்லல?”

“கார்ஸ்டேல்காரங்க யாரும் வரக் கூடாதுன்னு சொல்லிட்டாராம்.”

“யாருமேவா? நம்மளையுமா?”

“நம்மளத்தான் சொல்லியிருக்காரு, ஹெரால்டு.”