ஆளில்லாத சாலையில் ஒரு மணி

சவூதியில் எங்கள் ஜுபைல் கேம்பின் ஸ்டோர் கீப்பர் வெள்ளிக்கிழமை காலைகளில் கடற்கரைச் சாலையில் சைக்கிள் ஓட்டுவார். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட சட்டை. எதிர்காற்றென்றால் இன்னும் உற்சாகம். ஆளே இல்லாவிட்டாலும் மணி அடித்துக்கொண்டே போவார். கூடவே நான் மிதிக்க, தன் மகள் குடியேறிய ஆஸ்திரேலியாவின் அரசியலை அலசுவார். அங்கே எந்தக் கட்சியும் அவருக்குப் பிடிக்காது. ஒரு சட்டம் மட்டும் பிடிக்கும்.

"அங்க ஓட்டுப் போடலேன்னா அபராதம் தம்பி. ஏன் வரலேன்னு கடுதாசி போட்டுக் கேப்பானாம்."

"நீங்க ஊர்ல கடைசியா எப்பண்ணே போட்டீங்க?"

"எலெக்‌ஷனுக்கெல்லாம் எவன் லீவு குடுப்பான்? இருபத்திரண்டு வருசமாச்சு. ஏன் வரலேன்னு ஒருத்தனும் கேக்கல."

இடது ஆள்காட்டி விரலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு வேகமாக மிதித்து முன்னே போனார். காலிச் சாலையில் அவர் மணி விடாமல் ஒலித்தது.

பதிலுக்கு நானாவது ஒருமுறை அடித்திருக்கலாம்.