அப்பாவின் ஒன்பது பெயின்ட் வாளிகள்

எங்கள் அப்பா அம்பூரி மலைச்சரிவில், ரப்பர் வெட்டும் குடும்பத்தில் பிறந்தார். பத்தாம் வகுப்போடு கொத்துவேலைக்கு இறங்கி, காரோடு என்ற இந்த ஊருக்கு வந்து, அம்மாவை மணந்து, இங்கேயே தங்கினார். அவர் கட்டிய சுவர்கள் பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை நிற்கின்றன. அப்பாவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அந்தச் சுவர்களுக்குள்தான் வாழ்கிறீர்கள். எனவே அவருடைய வேலையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வாளிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

அப்பாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சபையின் அறுப்பின் பண்டிகைக்குத் தம் கையால் விளைவித்ததையே படைக்க வேண்டும். சீனிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் சர்க்கரைவள்ளியைக் குத்தகை நிலத்தில் ஆண்டுதோறும் போட்டார். உடையவர் அங்கே வீடு கட்டத் தொடங்கியதும் நிலம் போயிற்று. அந்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டதும் அப்பாதான். அந்த ஆண்டு அம்மா சந்தையில் கிழங்கு வாங்கி வந்தார்.

"இது கடைக்காரனுக்க முதற்பலனாக்கும். நம்ம பேருல வைக்கப்பிடாது" என்றார் அப்பா. அதை அவிக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு, வெறுங்கையோடு ஆலயத்துக்குப் போனார்.

மறு ஆண்டு, பக்கத்து வீட்டுப் பெயின்டர் மாமா கொடுத்த ஒன்பது காலி வாளிகள் மொட்டைமாடிக்கு ஏறின. நான் சிவில் டிப்ளமோ படித்தவள். வாளிக்கு எத்தனை துளை, துளைகளுக்கு என்ன இடைவெளி, எங்கே வைத்தால் பாரம் தாங்கும் என்று பட்டியல் எழுதினேன். அப்பா மண்ணும் சாணமும் நிரப்பி, கான்கிரீட்டைப் போலக் கட்டையால் இடித்து, கரண்டியால் தேய்த்து மட்டமாக்கினார். நானும் பக்கத்தில் நின்று பாராட்டினேன். கொத்தனாருக்கும் தோன்றவில்லை, படித்தவளுக்கும் தோன்றவில்லை.

கொடி வாளிகளைத் தாண்டி வழிந்தது. பண்டிகைக்கு முந்தின நாள் கவிழ்த்தபோது, இறுகிய மண்ணில் பருக்க இடமில்லாமல் எல்லாம் வெறும் வேராக இருந்தன. அப்பா அவற்றையும் கட்டாகக் கட்டி எடுத்துப் போனார்.

"கொத்தனாரே, இது கிழங்கா, கட்டுக்கம்பியா?" என்றார் பெயின்டர் மாமா.

"எலே, கட்டுக்கம்பி இல்லாம கட்டடம் நிக்குமா? கட்டடம் இல்லாம நீ எங்க பெயின்ட் அடிப்ப?"

அடுத்த ஆண்டு மண்ணோடு மணலும் தென்னை நார்த்தூளும் கலந்து, கையால் அள்ளி மட்டும் போட்டோம். கொடி பிடித்த சமயத்தில் அப்பாவின் இதயம் தளர்ந்தது. மருத்துவமனையிலிருந்து திரும்பியபோது படியேறக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பண்டிகை நெருங்கியது. நாங்கள் தோண்டிக் கொடுத்தால் அவர் கொண்டுபோக மாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"ஒரு மாசம் கழிச்சு எடுத்தாலும் கெடாதுப்பா" என்றேன்.

"பண்டிகை காத்துநிக்காதே மக்கா."

நிலத்தைத் தூக்கி வீட்டுக்குள் கொண்டுவர முடியாது, வாளியை முடியும். அண்ணன் ஒவ்வொன்றாக இறக்கிக் கட்டிலருகே வைத்தார். அப்பா உட்கார்ந்தபடியே வாளியைச் செய்தித்தாளில் சாய்த்து, மண்ணைத் துழாவினார். முதல் வாளியில் நான்கு கிழங்குகள். ஒன்று அவர் உள்ளங்கையை நிறைத்தது. துடைத்து, திருப்பிப் பார்த்து, என்னிடம் நீட்டினார்.

"இஞ்சினியரே, லெவலு சரியாட்டு இருக்கா?"

"தரையெல்லாம் மண்ணு. இனி யாரு கூட்டுவா?" என்றார் அம்மா.

"நீதான். நான் சொகமில்லாத ஆளாக்கும்."

ஒன்பதும் முடிய ஒரு பகல் முழுதும் ஆயிற்று. பண்டிகையன்று ஆட்டோவில் கூடையை யாரிடமும் கொடுக்காமல் தம் மடியிலேயே வைத்திருந்தார். அடுத்த மாதம் ஒரு காலையில், காப்பி குடித்த பிறகு, அமைதியாகக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

ஜெபித்த போதகருக்கும் சபையாருக்கும், அழைத்தபோதெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த அயலாருக்கும், அப்பாவோடு சாரத்தில் நின்றவர்களுக்கும், வாளி தந்த பெயின்டர் மாமாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரோடு ஈரத்துணியில் சுற்றிய ஒரு கொடித்துண்டும் தருகிறோம். அப்பாவின் வாளிகளில் திரும்ப நட்ட கொடிகளிலிருந்து வெட்டியது. வாளியின் அடியில் துளை வேண்டும். நல்ல வெயில் வேண்டும். இரண்டு கணு மண்ணுக்குள் போகட்டும். நட்டதும் மண்ணைத் தட்டி இறுக்கக் கை பரபரக்கும். எங்களுக்கும் பரபரத்தது. தட்டாதீர்கள்.