இருபத்துமூன்றாம் இலக்கத்தின் காலுறை

புஸ்பவதி பத்தொன்பது வருடங்களாக ஒரு தொழில்முறை உதைபந்தாட்டக் கழகத்தில் வேலை செய்கிறார். இந்தப் பத்தொன்பது வருடங்களில் ஓர் ஆட்டத்தையாவது அவர் முழுதாகப் பார்த்ததில்லை. அவருடைய கணவர் ஸ்ரீதரன் எந்தக் கழகத்திலும் வேலை செய்ததில்லை. ஆனால் எந்த ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. இப்படி வேலையைப் பிரித்துக்கொண்டதால் முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியம் சண்டையில்லாமல் ஓடியது என்று எழுத ஆசைதான். சண்டை இருந்தது. உதைபந்தாட்டத்தைப் பற்றி மட்டும் இருக்கவில்லை.

கழகத்தின் பெயர் வெஸ்ட்ஹோல்ட் 07. டோர்ட்மண்டிலிருந்து ரயிலில் இருபது நிமிடம். மூன்றாம் பிரிவில் ஆடுகிறது. மேலே ஏறும் ஆசையும் கீழே விழும் திறமையும் சம அளவில் வாய்த்த கழகம். அதன் நிலக்கீழ்த் தளத்தில் நான்கு பெரிய சலவை இயந்திரங்களுக்கு நடுவே புஸ்பவதியின் ராச்சியம்.

எண்பத்தாறாம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அவர் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது தடித்த கம்பளிச் சட்டை போட்டிருந்தார். ஜேர்மனி குளிர் நாடு என்று ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். அன்று முப்பத்திரண்டு பாகை வெயில். அதற்குப் பிறகு அவர் நிபுணர்கள் சொல்வதை அப்படியே நம்புவதில்லை. முகாம், அன்ட்ராக் என்ற அகதி விண்ணப்பம், மறுபடியும் அன்ட்ராக், ஹொட்டல் அறைகள், மருத்துவமனைச் சலவை, கடைசியில் இந்தக் கழகம். ஜேர்மன் மொழியில் அவர் பிழையில்லாமல் சொல்லப் பழகிய முதல் வசனம், "இது அறுபது பாகையில் தோய்க்கவேண்டும்" என்பது.

ஓர் அணியில் இருபத்தாறு பேர். ஒவ்வொரு பயிற்சிக்கும் பிறகு ஐம்பத்திரண்டு காலுறைகள், புஸ்பவதியின் பேச்சில் மேசுகள், வரும். உடுப்புகளுக்குப் பொறுப்பான யூர்கன், கழற்றிய எல்லாவற்றையும் நல்ல பக்கம் வெளியே வரத் திருப்பிப் போடவேண்டும் என்று உடைமாற்றும் அறைக் கதவில் எழுதி ஒட்டியிருந்தார். வீரர்கள் அந்தக் கதவால் தினமும் போய்வந்தார்கள். காலுறைகள் ஈரமான கட்டிகளாகவும், காற்சட்டைகள் உட்புறம் வெளியே தெரியவும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு கட்டிக்குள்ளும் கையை விட்டுத் திருப்பினால் புல்லும் மண்ணும் கொட்டும்.

இதற்கு விதிவிலக்கு ஒரேயொருவன். இருபத்துமூன்றாம் இலக்கம், டெனிஸ் வோய்ச்சிக், பின்வரிசை ஆட்டக்காரன். காற்சட்டையைத் திருப்பி, காலுறைகளைச் சோடி சேர்த்து, மடித்துப் போடுவான். இரண்டு வருடங்களில் ஒரு நாளும் தவறியதில்லை. புஸ்பவதி அவனோடு பத்து வசனம் பேசியிருக்க மாட்டார். ஆனால் அவனைப் பெற்றவளை நினைத்து அடிக்கடி மனதுக்குள் கும்பிடுவார்.

மே மாதக் கடைசியில், பதினைந்தாம் இடத்தில் பருவம் முடிந்து, எல்லோரும் தப்பினோம் பிழைத்தோம் என்று மூச்சு விட்ட வாரத்தில், புதிய விளையாட்டுப் பணிப்பாளர் வந்தார். ஹெர் லோமன். ஐம்பது வயது, இரண்டு கணினித் திரை. யார் இருப்பது, யார் போவது, எந்த இடத்துக்கு ஆள் தேவை என்று அவர் பட்டியல் போடுவதாகக் கோப்பி குடிக்கும்போது யூர்கன் சொன்னார். இருக்கிறவனுக்குப் பச்சை, போகிறவனுக்குச் சிவப்பு. வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கூட்டம். இருபத்துமூன்று சிவப்பில் இருக்கிறது.

"ஏனாம்?" என்று கேட்டார் புஸ்பவதி.

அவன் போதிய தூரம் ஓடுவதில்லை என்று கணினி சொல்வதாக யூர்கன் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் ஸ்ரீதரன் தான் ஆதரிக்கும் டோர்ட்மண்ட் மஞ்சள் அணிக்கு அடுத்த பருவத்துக்கான ஆட்களைத் தெரிவு செய்துகொண்டிருந்தார். ஒவ்வொரு ஜூனிலும் அவர் அந்தக் கழகத்தை மனதாரத் திருத்தியமைப்பார்; கழகம் ஒவ்வொரு ஜூலையிலும் அதற்கு நேர்மாறாகச் செய்யும். அமெரிக்காவில் கடைசியாக வந்த அணிதான் புது ஆட்களை முதலில் தெரிவு செய்யுமாம் என்று அவர் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அந்த முறை இஞ்ச இருந்தால் உம்மட ஆக்கள் தோத்துத் தோத்தே முன்னுக்கு வந்திருப்பினம்," என்றார் அவர்.

"அதை விடுங்கோ. ஒருத்தனை அனுப்பப் போறாங்கள். மறிக்கிறதெண்டால் என்ன செய்யவேணும்?"

"அவன் நல்லா விளையாடுறவன் எண்டு காட்டவேணும்."

"நல்லா விளையாடுறானோ எண்டு எனக்கென்ன தெரியும்? மேசு திருப்பிப் போடுற ஒரே ஒருத்தன். அவன் போனால் எனக்கு மிஞ்சுறது இருபத்தஞ்சு மாடு."

ஸ்ரீதரன் சிரித்து முடியும்வரை அவர் காத்திருந்தார். பிறகு சலவை அறைச் சுவரில் தொங்கும் நாட்காட்டி அவருக்கு நினைவு வந்தது.

டோர்ட்மண்ட் தமிழ்க் கடையில் தைப்பொங்கலுக்குக் கொடுத்த நாட்காட்டி அது; போன வருடத் தாள்களையும் அதன் பின்னால் கோத்து வைத்திருந்தார். ராகுகாலம் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் புஸ்பவதி ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் எவன் உடுப்பில் எங்கே கறை என்று குறித்துவைப்பார். கறை நீக்கிப் போத்தல்களை எத்தனை கேட்பது என்று யூர்கனுக்குச் சொல்வதற்காகத் தொடங்கிய பழக்கம். ஒரு வருடக் குறிப்பைச் சேர்த்துப் பார்த்தால் அது வேறொன்றாகத் தெரிந்தது. நான்காம் இலக்கம் ஆட்டம் முடிந்தும் கோயிலுக்குப் போகலாம் போல வருகிறான். ஒன்பதாம் இலக்கத்துக்கு முதுகில் மட்டும் சேறு. நடுவரைப் பார்த்து மல்லாக்க விழுகிறவன். கோல் காப்பாளனுக்கு இடுப்பின் வலப்பக்கம் மட்டும் பச்சை. இருபத்துமூன்றுக்கு இரண்டு இடுப்பும், இரண்டு முழங்காலும், எந்த ஆட்டத்திலும்.

வியாழக்கிழமை நல்ல நேரம் பார்த்து, நாட்காட்டியைத் துவாய்க் கூடைக்குள் வைத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறினார். வெறுங்கையோடு போனால் எங்கே போகிறாய் என்று கேட்பார்கள். கூடையோடு போகிறவளை யாரும் கேட்பதில்லை.

ஹெர் லோமன் மரியாதையானவர். எழுந்து நின்று, "ஃபிறவ் ஸ்ரீதரன்" என்று அழைத்தார். கணவனின் பெயரால் அழைக்கப்படுவதற்குப் புஸ்பவதி முப்பத்தைந்து வருடங்களாகப் பழகிவிட்டார். அந்தப் பெயரோடு உதைபந்தாட்டம் பேசியதுதான் முதல் தடவை. கோல் காப்பாளன் இடது பக்கம் விழுவதே இல்லை, அதனால் இன்னொருவன் தேவை என்று தொடங்கினார். இருபத்துமூன்றை அதற்குப் பிறகு சொல்வது அவருடைய திட்டம்.

லோமன் திரையைத் தட்டினார். வாங்கிய கோல்கள் ஐம்பத்தெட்டு. அவற்றில் பெரும்பாலானவை கோல் காப்பாளனின் வலப்பக்கத்தால், அவன் விழுவதாகப் புஸ்பவதி சொன்ன அதே பக்கத்தால், போயிருந்தன. அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் புஸ்பவதிக்குச் சுகமாக இருந்திருக்கும். வந்ததற்கு மிகவும் நன்றி என்று கதவைத் திறந்துவிட்டார். இருபத்துமூன்று என்ற எண்ணே அந்த அறையில் உச்சரிக்கப்படவில்லை.

வெள்ளி காலை புஸ்பவதி பருவத்தின் கடைசி மூட்டையை அவிழ்த்தார். கோல் காப்பாளனின் காற்சட்டை வழக்கம்போல உட்புறம் வெளியே தெரியக் கிடந்தது. கறை நீக்கியைத் துணியின் பின்பக்கத்திலிருந்துதான் போடவேண்டும். அதனால் அவர் எப்போதும் அப்படியே வைத்துப் போத்தலைச் சரிப்பார், அப்படியே பார்த்துக் குறிப்பார், பிறகுதான் திருப்புவார். வலது இடுப்பில் பச்சை. போட்டார். குறித்தார். திருப்பினார். பச்சை இடது இடுப்புக்குப் போய்விட்டது.

மறுபடியும் திருப்பினார். வலது. மறுபடியும். இடது.

மணி பதினொன்று. வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகுகாலம் என்று நாட்காட்டியே சொன்னது. பன்னிரண்டுக்குக் கூட்டம். ராகு பொறுத்துக்கொள்வார், லோமன் பொறுக்கமாட்டார் என்று முடிவு செய்து, இந்தமுறை கூடையில்லாமல், நாட்காட்டியைக் கக்கத்தில் இடுக்கி, ஈரக் காற்சட்டையைக் கையில் பிடித்தபடி படியேறினார்.

லோமனின் மேசையில் அதை விரித்தார். திருப்பினார். மறுபடியும் திருப்பினார். மூன்றாம் தடவையில் லோமன் தானே கையை நீட்டித் திருப்பிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். நாட்காட்டியை வாசிக்கச் சொன்னார். தமிழில் குறித்ததைப் புஸ்பவதி வலது இடது மாற்றி வாசிக்க வாசிக்க, கோல்கள் வந்த பக்கங்கள் வரிசையாகப் பொருந்திக்கொண்டே போயின.

"அப்படியென்றால் உங்கள் குறிப்பில் எல்லாமே தலைகீழா?" என்று கேட்டார் லோமன்.

"ஒருத்தனைத் தவிர," என்றார் புஸ்பவதி. "இருபத்துமூன்று திருப்பிப் போடுகிறவன். அவனுடையது மட்டும் உள்ளது உள்ளபடி. இரண்டு பக்கமும் விழுகிறான். ஓடாதவனுடைய காற்சட்டை இவ்வளவு ஊத்தையாகுமா, நீங்களே சொல்லுங்கள்."

லோமன் பழைய ஆட்டங்களின் படத்தை ஓடவிட்டார். அவன் ஓடவில்லைத்தான். பந்து வரும் இடத்தில் முன்பே நின்றான். வந்ததும் விழுந்து பறித்தான். கணினி தூரத்தை அளந்தது. நிற்கத் தெரிந்ததை அளக்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

பன்னிரண்டு மணிக்கு இருபத்துமூன்று பச்சையானது. தேவைப் பட்டியலில் இரண்டு பக்கமும் விழும் கோல் காப்பாளன் ஒருவனும், நான்காம் இலக்கத்துக்குப் பதிலாக உடுப்பை ஊத்தையாக்கத் தயங்காத நடுப் பின்வரிசைக்காரன் ஒருவனும் ஏறினார்கள். கூடவே ஒரு புது விதி: கழற்றிய உடுப்பை யாவரும் திருப்பியே போடவேண்டும், தவறுகிறவன் கேக் கொண்டுவரவேண்டும். தரவு சுத்தமாக இருக்கவேண்டும் என்று லோமன் அதற்குக் காரணம் எழுதினார். பத்தொன்பது வருடங்களாகச் சுத்தத்துக்காகக் கேட்டுக் கிடைக்காதது, தரவுக்காக ஒரே நாளில் கிடைத்தது.

ஓகஸ்டில் முதல் ஆட்டம். வெஸ்ட்ஹோல்ட் வென்றது. மூட்டையை அவிழ்த்த புஸ்பவதி ஒரு கணம் மூட்டை மாறிவிட்டதோ என்று பார்த்தார். இருபத்தைந்து சோடிக் காலுறைகள், மடித்து, அடுக்கி. அடியில் ஒரேயொரு ஈரக் கட்டி.

இருபத்துமூன்று. வெற்றிக் கோல் அவன் போட்டதாம்; தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களாம். புஸ்பவதி கையை உள்ளே விட்டுத் திருப்பினார். புல் கொட்டியது. தனியே நின்று சத்தமாகச் சிரித்தார்.

திங்கட்கிழமை டெனிஸ் சலவை அறை வாசலில் நின்றான். முகம் சிவந்து, கையில் அம்மா செய்த கசகசாக் கேக். அணிக்குக் கொடுக்கவேண்டியதை ஏன் இங்கே கொண்டுவந்தாய் என்று கேட்டதற்கு, "திருப்பியது நீங்கள்தானே" என்றான்.

பாதிக் கேக் வீட்டுக்கு வந்தது. ஸ்ரீதரன் இரண்டாம் துண்டைத் தின்றபடி தன் பட்டியலை எடுத்து, பின்வரிசையில் ஓர் இடம் இன்னும் காலியாக இருப்பதாகச் சொன்னார்.

"உந்த இருபத்துமூண்டை எங்கட மஞ்சள் ஆக்கள் வாங்கவேணும். நான் இண்டைக்கே அவங்களுக்கு ஒரு மெயில் போடப்போறன்."

புஸ்பவதி கேக் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"போட்டுப் பாருங்கோ. நாளையிலயிருந்து உங்கட மேசு நீங்கள்தான் தோய்க்கவேணும்."

மெயில் போகவில்லை. அந்த வாரத்திலிருந்து ஸ்ரீதரனின் காலுறைகளும் திருப்பி, சோடி சேர்த்தே கூடைக்கு வருகின்றன.