எல்லாம் இடது கை

மாமா கத்திரியைத் திறந்தால் மேகமெல்லாம் இறங்கி வந்து அளவு கொடுக்க வரிசையில் நிற்கும். உலகத்துச் சட்டைகளில் பாதி அவர் வெட்டியவை; மீதிப் பாதி அவர் கையில் படாத துக்கத்தில் அழுதுகொண்டே பிறந்தவை.

அப்பேர்ப்பட்ட கட்டிங் மாஸ்டர்தான், போன மாசம் ஒரு கட்டுத் துணியை முழுக்கச் சட்டையின் இடது கையாகவே வெட்டிப் போட்டார். அளவு அட்டையைத் திருப்பி வைக்க மறந்துவிட்டார், அவ்வளவுதான். தையல் கம்பெனியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"மாஸ்டர், ஒத்தைக் கை ஆளுங்க ஊர்லேர்ந்து ஆர்டரா?"

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. கத்திரியைப் பிடுங்கிக்கொண்டு, நூல் பிசிறு வெட்டுகிற மூலையில் உட்கார வைத்தார். "தலை சரியா இருக்குன்னு டாக்டர் சொல்லட்டும். அப்புறம் மேஜைக்கு வா."

மாமாவுக்குப் பைபோலார். ஒரு காலம் தூக்கமில்லாமல் துள்ளுவார், ஒரு காலம் போர்வைக்குள்ளேயே கிடப்பார். மாத்திரையில் இரண்டும் அடங்கி ஒரு வருஷமாகிறது. பிறகு ஏன் மறதி?

"எல்லாம் வேஷம்," என்பது அத்தையின் தீர்ப்பு. "சாப்பாட்டு நேரம் மட்டும் மறக்குதா பாரு!"

ஆஸ்பத்திரியில் அத்தையும் மாமாவின் அக்கா மகனும் பின்னால் உட்கார்ந்திருக்க, டாக்டரம்மா ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லி ஐந்து சொல் சொன்னார்: ஏணி, கம்பளி, எலுமிச்சை, மணி, ஆறு. நடுவில் ஒரு கடிகாரம் வரையச் சொல்லிவிட்டு, திரும்பக் கேட்டார். மேஜைக்கு அடியில் மாமாவின் விரல்கள் இல்லாத கத்திரியால் வெட்டிக்கொண்டிருந்தன.

"ஏணி... கம்பளி..." வெகுநேரம் கழித்து முகம் மலர்ந்தது. "ஏழு!"

"ஏழா?"

"ஒரு நம்பர் சொன்னீங்களே மேடம்."

"அது தண்ணி ஓடுற ஆறுங்க."

அத்தை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"சிரிக்காதீங்கம்மா, இது வேஷமில்ல," என்றார் டாக்டரம்மா. "மனசு அடங்கின பிறகும் இந்த நோயில சிலருக்குக் கவனமும் ஞாபகமும் பின்தங்கிடும். இது முதல் சோதனைதான், இன்னும் விரிவா பார்க்கணும். பயிற்சியும் இருக்கு. ஆனா இப்போதைக்கு வெட்டுற வேலைக்குச் சரின்னு என்னால சொல்ல முடியாது."

அத்தையின் சிரிப்பு அறுந்தது. "அப்ப நெஜமாவே மறக்குதா? பாவி மனுஷா, வேஷமாவே இருந்து தொலைச்சிருக்கக் கூடாதா!"

மறுநாள் மாமாவின் மேஜையில் பட்டன் தைக்கிறவன் நின்றான். "மாஸ்டர், பிசிறையாவது ரெண்டு கையிலயும் வெட்டுங்க," என்று ஒரு குவியலை வீசினான். மாமா வெட்டினார்.

இவ்வளவையும் அக்கா மகன் எழுதி நீட்ட, மாமா விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"டேய், ஏணியை நான் சொல்லவே இல்ல. கம்பளி ஒண்ணுதான் சொன்னேன்."

"ரெண்டாவது இருக்கட்டுமேன்னு..." என்று இழுத்தான் அவன்.

"ஏணி வெச்சாலும் எட்டாதவனுக்கு எதுக்குடா திருட்டு ஏணி? அடிச்சுட்டு எழுது."