எல்னா உட்கார்ந்த நாற்காலி

எங்கள் கோபன்ஹேகன் தொலைபேசி நிலையத்தில் கல்யாணம் ஆனால் பெண்களுக்கு வேலை போய்விடும். காதுக் கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். மற்றவர்கள் கேக் வெட்டிச் சிரித்துக்கொண்டே போனார்கள். தோரா மட்டும் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்று நின்றாள். அந்த அறைக்கு மேற்பார்வைக்காரி நான். அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் எடுத்துவிட்டேன்.

மறுநாள் அந்த நாற்காலியில் எல்னா என்று ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். அன்றைக்குப் பிடித்தது தோராவுக்கு வயிற்றெரிச்சல்.

தோரா கட்டிக்கொண்ட ஹோல்கருக்கு எங்கள் கட்டிடத்திலேயே மேல்மாடியில் வேலை. ஊரே பேச எடுத்தால் எத்தனை பேர் காத்திருப்பார்கள், எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள், எத்தனை பெண்களை உட்கார வைத்தால் போதும் என்று கணக்குப் போடுவான். கடை வாசலில் நிற்கிற வரிசை கண்ணுக்குத் தெரியும். எங்கள் வரிசை தெரியாது. அவரவர் வீட்டில், தனக்கு முன்னால் எத்தனை பேர் என்றே தெரியாமல் காத்துக்கிடப்பார்கள். அந்த வரிசையைத் தாளில் பிடித்து வைப்பதுதான் இந்த மனுஷனுக்குச் சோறு, தூக்கம் எல்லாம்.

வீட்டுக்கு வந்தாலும் அதே பேச்சு. எல்னாவின் இணைப்புப் பலகையில் இன்றைக்கு இப்படி, நேற்று அப்படி என்று உருளைக்கிழங்கை மென்றுகொண்டே சொல்வான். தோரா தட்டை ணங்கென்று வைப்பாள். நான் மேல் வீட்டில் குடியிருப்பவள், பாதி நாள் சாப்பாடும் அவர்களோடுதான். எல்லாம் என் கண் முன்னால் நடந்தது.

ஒருநாள் தோரா ஆரம்பித்தாள். “அவ பாதி நேரம் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காளாமே? நான் இருந்தப்ப மூக்கைச் சொறியக்கூட நேரம் கிடையாது.”

“அது சோம்பல் இல்ல தோரா. கை கொஞ்சம் ஓயணும். ஒருத்திக்கு ஓயாம வேலை இருந்தா, காத்திருக்கிற கூட்டம் ஏறிக்கிட்டேதான் போகும். அழைப்பு என்ன சொல்லிவச்ச மாதிரியா வருது? திடீர்னு கும்பலா வரும், அப்புறம் ஒண்ணுமே வராது.”

கணக்கு சரிதான். ஆனால் எந்தப் பெண்டாட்டி காதில் கணக்கு விழும்? புருஷன் எவளுக்கோ கை ஓயணும் என்கிறான், அது மட்டும்தான் விழுந்தது. தனக்கு ஒருநாள் ஓயட்டும் என்று சொன்னானா இவன்?

அதற்கப்புறம் வேலை விடுகிற நேரத்துக்கு எதிர்ச்சாரியில் நின்று எல்னாவைப் பார்க்க ஆரம்பித்தாள். என்னிடம் வந்து, “அக்கா, அவ குள்ளம். பலகையில மேல் வரிசை எட்டுதா அவளுக்கு?” என்று கேட்டாள்.

“எட்டுது.”

“எழுந்து நின்னுதானே?”

உட்கார்ந்தே எட்டுகிறது என்றேன். இரண்டு நாள் என்னோடு பேச்சே இல்லை.

இதற்கு நடுவில் ஹோல்கர் என்னை மாடிப்படியில் நிறுத்தி ஒரு விஷயம் சொன்னான். காலை நெரிசலில் எல்னா ஒருத்தியால் சமாளிக்க முடியவில்லை, அந்த நேரத்துக்கு மட்டும் பக்கத்தில் இன்னொரு நாற்காலி வேண்டும், அதற்குக் கல்யாணமான பழைய பெண்களை எடுக்கலாம் என்று இயக்குநரிடம் பேசியிருக்கிறான். எத்தனை பேர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிக் காட்டு, பார்க்கலாம் என்றாராம் அவர். ஒரு வாரம் எண்ணிக்கை. சரியாக வந்தால் அந்த நாற்காலி தோராவுக்கு.

அவளிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன். கிடைக்காமல் போனால் தாங்க மாட்டாள், கிடைத்தபின் சொல்கிறேன் என்றான். இந்த ஆம்பளைகளுக்கு வேண்டிய நேரத்தில்தான் வாயில் கொழுக்கட்டை.

எண்ணிக்கை வாரம் வந்தது. ஹோல்கர் எல்னாவின் பின்னால் கடிகாரத்தோடு நின்றான். அழைப்பு வந்து ஒவ்வொரு விளக்கும் எரிந்தபோது, எவ்வளவு நேரம் கழித்து எடுத்தாள் என்று குறித்தான். தோராவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: தன் புருஷன் காலை முழுக்க எல்னாவின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான்.

அந்த வாரம் பார்த்து எல்னா திணறினாள். ஒரே இணைப்பிலிருந்து அழைப்பு வரும், எண் கேட்கும், எதிர்முனையில் யாரும் எடுப்பதற்குள் அறுந்துபோகும், உடனே மறுபடி வரும். அதற்குள் மற்ற விளக்குகள் எரிந்துகொண்டே கிடக்கும். கும்பலாக வருவது சகஜம், ஆனால் இவள் திணறுகிற நேரமாகப் பார்த்து வரக் கூடாதே என்று ஹோல்கர் முணுமுணுத்தான்.

கடைசி நாள் எல்னா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். “இந்தம்மா யாருன்னே தெரியலக்கா. எண்ணைச் சொல்லிட்டு, ‘நன்றி, இணைக்கிறேன்’ங்கிறாங்க. நாம சொல்ல வேண்டியதை அவங்க சொல்றாங்க!”

வரிசை முழுக்கச் சிரித்தது. வருஷக்கணக்காகச் சொல்லிப் பழகிய நாக்கு, தன்னை அறியாமல் சொல்லிவிட்டது. அதுவரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்த ஹோல்கர் அப்போதுதான் விளக்கின் எண்ணைப் பார்த்தான். நானும் பார்த்தேன். எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற ரொட்டிக்கடை இணைப்பு அது.

அவன் முகத்தில் ஈயாடவில்லை. வெளியே இழுத்துப் போய், தோரா அழைத்ததை மட்டும் கழித்துவிடேன் என்றேன்.

“முடியாதுக்கா. அவளால காத்திருந்து வெறுத்துப் போய் வச்சவங்க யாரு, மறுபடி கூப்பிட்டவங்க யாரு, எதைன்னு கழிக்கிறது? அவங்கவங்க பாட்டுக்குக் கூப்பிட்டாத்தான் என் கணக்கு நிக்கும்.”

அப்படியே இயக்குநரிடம் போய் எண்ணிக்கை கெட்டுவிட்டது என்று சொன்னான். யாரால் என்று மட்டும் சொல்லவில்லை. அப்படியானால் புது நாற்காலிப் பேச்சை விடுங்கள் என்றுவிட்டார் அவர்.

அன்று சாயங்காலம் தோரா குதூகலமாக இருந்தாள். இறைச்சி உருண்டை, குழம்பு, ஊறவைத்த பீட்ரூட் என்று மேசை நிறைய வைத்திருந்தாள். எனக்கும் அழைப்பு. ஹோல்கர் உட்காருவதற்குள், எல்னா இன்றைக்கு எப்படி, ரொம்பத் திணறினாளா என்று கேட்டாள்.

ஹோல்கர் முள்கரண்டியைக் கீழே வைத்தான். சத்தமே போடவில்லை.

“அவ பக்கத்துல உனக்கு ஒரு நாற்காலி போடத்தான் எண்ணிக்கிட்டு இருந்தேன் தோரா. போச்சு.”

எல்லாவற்றையும் சொன்னான், ரொட்டிக்கடை, இயக்குநர், ஒன்று விடாமல். தோரா கையில் குழம்புக் கரண்டியோடு நின்றாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்தது, துடைக்கவில்லை. எனக்கு அவளை அறையவும் தோன்றியது, கட்டிக்கொள்ளவும் தோன்றியது. இரண்டும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேட்டாள்.

“அப்போ அவ பக்கத்துல வேற யாரையும் உக்கார வைக்க மாட்டாங்கல்ல?”

“மாட்டாங்க.”

“சரி,” என்று சொல்லி அவன் தட்டில் குழம்பை ஊற்றினாள்.